மஞ்சள் பட்ட அட்டை

மலைமேல் இருக்கிற எங்கள் ஊருக்குக் கூரியர் வராது. பார்சல் எதுவானாலும் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடையிலிருந்து போன் வரும், சிக்னல் இருந்தால். அந்த முறை கடையிலிருந்து வரவில்லை. மகள்தான் பெங்களூரிலிருந்து, அலுவலகத்தில் வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள்.

"அப்பா, பார்சல் வந்திருச்சாம். இன்னைக்கே போய் வாங்கிருங்க. சீல் பிரிச்சிருந்தா வாங்கவே வேண்டாம்."

"என்ன கண்ணு அது?"

"ஊட்டுக்குப் போய்ப் பாருங்க. அம்மாகிட்டச் சொல்லாதீங்க."

கடைக்காரர் பெட்டியைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். "என்னுங்க வாத்தியாரே, காத்தப் பேக் பண்ணி அனுப்பிச்சிருக்காங்களா?"

"பென் டிரைவுங்க. பாடமெல்லாம் போட்டு வெக்கறதுக்கு" என்றேன். அதற்குப் பிறகு சொன்ன பொய்களுக்கெல்லாம் அதுதான் தொடக்கம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொல்கிற பொய் எப்போதும் தேவைக்கு மேல் நீளமாக இருக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். வீடு வந்து சேரும்வரை, அது என்ன பென் டிரைவ், என்ன பாடம் என்று யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக்கொண்டே வந்தேன்.

மகளுக்குத் திருமணமாகி இது மூன்றாவது வருடம். மாப்பிள்ளை நாமக்கல் பக்கம், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. குடி கிடையாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். ஆனால் மகளின் சம்பளம் விழுகிற கணக்கின் கார்டு அவரிடம் இருந்தது. அவள் போனை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியும். மாலையில் வந்ததும் அதை வாங்கி, பேப்பர் படிப்பதுபோல் நிதானமாகப் படிப்பார். பஸ்ஸுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு, ஒரு சுடிதாருக்கு என்று எதற்கும் அவள் கேட்க வேண்டும்.

"கேட்டாக் குடுத்துருவாருங்ப்பா. அதுதான் கஷ்டம்" என்று ஒரு முறை சொன்னாள். அடிக்கிறார் என்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். இதற்கு என்ன செய்வது, யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

அவளுக்கென்று இருந்தது ஒன்றுதான். திருமணத்துக்கு முன்பே வெளிநாட்டுக்காரர்களுக்கு அவ்வப்போது செய்து கொடுத்த வேலைக்கான கூலியைப் பிட்காயினாகச் சேர்த்து வைத்திருந்தாள். பேங்க்கில் இல்லாத பணம் அது. இணையத்தில் அதை வாங்கி விற்கிற ஒரு நிறுவனத்தின் கணக்கில் கிடந்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில் மட்டும் திறந்து பார்ப்பாள். ஆனால் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு நாள் போனுக்கு மெயில் வந்துவிட்டது. "இது என்ன?" என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். விளம்பரம் என்று சொல்லித் தப்பித்திருக்கிறாள். அடுத்த முறை தப்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் பணத்தை அந்தக் கணக்கிலிருந்து எடுத்து, எந்தப் போனிலும் தெரியாத ஓர் இடத்தில் வைக்க வேண்டும். அந்த இடமாக அவள் தேர்ந்தெடுத்தது என்னை.

"வெளிய வரணும்னா அது வேணுங்ப்பா" என்றாள். எதிலிருந்து வெளியே என்று நான் கேட்கவில்லை. தனியறைக்கு முன்பணம், ஒரு வக்கீல், வேலை போனால் கொஞ்ச நாள் சாப்பாடு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மனைவி குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் களையெடுக்கப் போன பிறகு கதவைச் சாத்தினேன். எங்கள் ஊரில் பகலில் கதவைச் சாத்தினால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து தட்டி, "ஏனுங்க, காச்சலுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுபடியும் திறந்து, ஒருக்களித்து வைத்தேன்.

எங்கள் வீட்டில் நெட் கிடைப்பது மேற்கு ஜன்னலில் மட்டும்தான். போனை ஜன்னல் கம்பிக்கு நடுவில் நிறுத்தி, மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கிய லேப்டாப்பை அதன் கீழே ஸ்டூலில் வைத்து, தரையில் உட்கார்ந்தேன். அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகு நாளாகிறது. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. குண்டு பல்பு மங்குவதும் தெளிவதுமாக இருந்தது.

பெட்டிக்குள் கார் சாவி அளவுக்கு ஒரு கருவி. நகம் அளவு திரை, இரண்டு பட்டன். ஒரு கேபிள். மடித்த வெள்ளை அட்டைகள். அவ்வளவுதான். இதற்குள் என் மகளின் பணம் எப்படிப் போகும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அப்பா, டப்பாவுல வெப்சைட் பேரு அச்சடிச்சிருக்கும். அத அப்படியே எழுத்து எழுத்தா அடிங்க. தேடிப் பாத்து எடுக்காதீங்க" என்றாள் போன் ஸ்பீக்கரில். அலுவலகத்தில் அன்று அவளுக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட்.

"தேடுனா என்ன சாமி?"

"தேடுனா மொதல்ல வர்றது திருடன் வச்ச கடையா இருக்கும்."

அந்த வெப்சைட்டிலிருந்து கருவிக்கான சாஃப்ட்வேர் இறங்க ஒரு பாட்டுக் கச்சேரி நேரம் ஆயிற்று. பாதியில் நின்றது. மறுபடி தொடங்கியது. இறங்கியதும், கருவியைக் கேபிளில் மாட்டச் சொன்னது. இது அசல் கருவிதானா என்று அதுவே சோதித்துக்கொண்டது. பிறகு கருவியின் உள்ளே இருக்கிற சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டும், கேபிளைக் கழற்றாதே என்றது. அதே நேரம் பல்பு ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தது. லேப்டாப் அணையவில்லை. என் வேட்டி ஈரமாகியிருந்ததைப் பார்த்துக் கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன். ஒழுகவில்லை, வேர்வை.

"இப்ப அதுல இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொண்ணா வரும். இருபத்தி நாலு. அட்டையில வரிசையா எழுதுங்க. போட்டோ எடுக்கக் கூடாது. கம்ப்யூட்டர்ல அடிக்கக் கூடாது. என்கிட்டயும் சொல்லக் கூடாது."

"உன் பணம் சாமி. உனக்குத் தெரிய வேண்டாமா?"

"எனக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரியும்ங்ப்பா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

கரும்பலகையில் எழுதுகிற என் கையெழுத்துக்குப் பள்ளியில் பெயர் உண்டு. அந்தக் கையெழுத்தில், நீல ஜெல் பேனாவில், இடப்பக்கம் பன்னிரண்டும் வலப்பக்கம் பன்னிரண்டுமாக எழுதினேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்கள். ஏணி, மூடுபனி, ஆடு, அபராதம் என்கிற மாதிரி. எழுதி முடித்ததும், ஒழுங்காக எழுதினாயா என்று கருவி இடையிடையே சில சொற்களைக் கேட்டுப் பரீட்சை வைத்தது. வாழ்நாளெல்லாம் பரீட்சை வைத்தவன், நகம் அளவு திரை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் கொடுத்தேன். பிறகு ஒரு பின் நம்பர் வைக்கச் சொன்னது. வைத்தேன்.

கடைசியில் பணம் வந்து சேர வேண்டிய முகவரி. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு கிறுக்கல். லேப்டாப்பில் தெரிவதும் கருவியின் திரையில் தெரிவதும் ஒன்றுதானா என்று விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, அவளுடைய அலுவலக மெயிலுக்கு அனுப்பினேன். முதலில் கொஞ்சம் அனுப்பிப் பார்த்தாள். வந்தது. அப்புறம் மீதி எல்லாவற்றையும் அனுப்பினாள்.

"வந்திருச்சு கண்ணு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "கூப்பிடறாங்க, வெக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் முன்பே விளக்கியிருந்தாள். கருவி அந்தச் சொற்களை ஒரு தரம்தான் காட்டும். கருவி தொலைந்தால் அந்தச் சொற்களை வைத்து வேறு கருவியில் பணத்தை மீட்கலாம். சொற்கள் தொலைந்தால் கருவியும் பின் நம்பரும் இருக்கிறவரை பணம் இருக்கும். இரண்டும் போனால் எல்லாம் போயிற்று. யாரிடமும் கேட்க முடியாது. இது எனக்கு விளங்கவே இல்லை. பட்டாவுக்கு ஆபீஸ் உண்டு. சாதிச் சான்றுக்கு ஆபீஸ் உண்டு. எத்தனை நடை நடந்தாலும் கடைசியில் ஒரு நாற்காலியும் அதில் ஓர் ஆளும் இருப்பார்கள். மனு கொடுக்க ஆளே இல்லாத ஒரு பொருளை அதுவரை நான் என் வீட்டில் வைத்திருந்ததில்லை.

கருவியை என் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் போட்டு, எப்போதும் கூடவே வைத்துக்கொண்டேன். அட்டையை எங்கே வைப்பது? பீரோ சாவி மனைவியிடம். புத்தக அலமாரியைக் கரையான் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் எதையும் ஒளித்து வைக்க இடமில்லை என்பதே அன்றுதான் தெரிந்தது, அதுவரை தேவைப்படாததால். கடைசியில் சாமி படங்களுக்குப் பின்னால் செருகினேன். அங்கே வைத்ததை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள் என்று நினைத்தேன். அது சரிதான், யாரும் தூக்கிப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்தேன். சாமி படங்கள் துடைத்து, பொட்டு வைத்து, பூப்போட்டிருந்தன. அவற்றின் முன்னால் என் அட்டை சாய்ந்து நின்றது. நான்கு மூலைகளிலும் கொழகொழவென்று மஞ்சள்.

சாமியிடம் வைக்கிற புதுத் தாள் எதுவானாலும் நான்கு மூலைக்கும் மஞ்சள் வைப்பது எங்கள் வீடுகளில் கை தானாகச் செய்கிற வேலை. கல்யாணப் பத்திரிகைக்கு வைப்போம், வண்டியின் ஆர்.சி. புக்குக்கு வைப்போம். மகளின் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் அந்த மஞ்சள் இன்னும் இருக்கிறது. கல்லூரியில் சேர்க்கும்போது அதைப் பார்த்து ஒரு கிளார்க் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மேல் மூலை இரண்டிலும் வைத்த மஞ்சள் அச்சடித்த தலைப்பின் மேல்தான் விழுந்தது, அங்கே சொற்கள் பிழைத்துக்கொண்டன. கீழ் மூலைகளில் பன்னிரண்டாவது சொல்லும் இருபத்து நான்காவது சொல்லும் இருந்தன. ஈரத்தில் ஜெல் மை ஊறி, மஞ்சளோடு சேர்ந்து பச்சையாகி, அட்டையின் ஓரம்வரை வழிந்திருந்தது.

"யாரு இத எடுத்தது?" என்று கத்தினேன். வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "நாந்தானுங்க. படத்துக்குப் பொறத்தால இருந்துச்சு. ஏதோ வேண்டுதல் எழுதி வச்சிருக்கீங்க போலன்னு மஞ்ச வச்சேன். வேண்டுதலப் படத்துக்குப் பின்னாடியா வெப்பாங்க? சாமி முன்னாடியில்லீங்க வெக்கணும்?"

"மஞ்ச வெக்கச் சொன்னாங்களா உன்ன?"

"மஞ்ச வெக்கறதுக்கு யாராச்சும் சொல்லணுமுங்களா?"

அட்டையை மின்விசிறியின் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். மஞ்சளைச் சுரண்டினால் எழுத்தும் வந்துவிடும் போலிருந்தது. கடைசிச் சொல்லில் எதுவும் தெரியவில்லை. பன்னிரண்டாவதில் 'பி', 'ஈ' என்ற முதல் இரண்டு இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரிந்தது. 'பெப்பர்' என்று என் மனம் உடனே சொன்னது. இவ்வளவு வேகமாகச் சொன்னதால்தான் சந்தேகமாயிற்று. வீட்டைச் சுற்றி மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏறிக் கிடக்கிறது. எனக்கு வேறு என்ன வார்த்தை வரும்? பென்சில் என்றும் இருக்கலாம். பர்மிட் என்றும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே நான் எழுதியதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை மகள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டபோது சொன்னேன். நான் எதிர்பார்க்கவே இல்லை, சிரித்தாள். "அம்மாவா? மஞ்சளா? ஐயோ அப்பா!" என்று சிரித்தவள், சட்டென்று நிறுத்திக் கேட்டாள். "கருவி இருக்குதுங்களா? பின் நம்பர் ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது கண்ணு."

"அப்பப் பணம் இருக்குது. ஆனா அந்த ஒண்ணு மேலதான் எல்லாம் நிக்குது. நான் இன்னொரு கருவி வாங்கறேன். அதுல புதுசா வார்த்தை எடுத்து, பணத்த அதுக்கு மாத்திரலாம். அதுவரைக்கும் நீங்க எதையும் தொடாதீங்க. பின் தப்பாப் போட்டுக்கிட்டே இருந்தா தானா அழிச்சுக்கும்."

அன்று முதல் அந்தப் பின் நம்பர் என்னைப் பிடித்துக்கொண்டது. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வாய்க்குள் சொன்னேன். அடிக்கடி சொன்னதால் எண்கள் தேய்ந்து இடம் மாறுவதுபோல் தோன்றியது. ஜியாமெட்ரி பாக்ஸை வகுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போக முடியவில்லை, மழையில் நனையாமல் அதைக் கொண்டு போகவும் வழியில்லை. ஒரு நாள் பொறுக்காமல் லேப்டாப்பைத் திறந்தபோது, புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே மாற்றட்டுமா என்று சாஃப்ட்வேர் கேட்டது. மவுஸ் அம்பை எங்கே கொண்டு போய் வைத்தாலும் 'சரி' என்பதன் மேல்தான் வைப்பேன் என்று பயந்து, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

மழை நிற்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. மேலே இருப்பவர்கள் மேலே, கீழே இருப்பவர்கள் கீழே. மகளுக்கு இரண்டாவது கருவி வந்துவிட்டது. அலுவலக மேசை டிராயரில் பூட்டி வைத்திருந்தாள். இங்கே அனுப்ப வழியில்லை.

மனைவி என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு மதியம் கிழங்கு உரித்தபடி கேட்டாள்: "ஏனுங்க, எவளுக்காச்சும் லெட்டர் எழுதறீங்களா?"

"என்ன பேச்சு இது?"

"சாமி படத்துக்குப் பொறத்தால ஒளிச்சு வெக்கறீங்க. அழிஞ்சு போச்சுன்னா குதிக்கறீங்க. டப்பாவத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுக்கறீங்க. ஆனா லெட்டருக்கு யாருங்க ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போடுவாங்க? வாத்தியாருன்னா அதுக்கும் நம்பர் போடுவீங்களா?"

சிரிக்க முயன்றேன், சிரிப்பு வரவில்லை. அதற்குமேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, போன், மெயில், பணம், கருவி, சொற்கள். வெளியே வர வேண்டும் என்று மகள் சொன்னதையும் சொன்னேன். மனைவி உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் இரண்டு கிழங்கு உரித்தாள்.

"கேட்டாக் குடுத்துருவாருன்னு சொன்னாளுங்களா உங்ககிட்ட?"

"ம்."

"தீவாளிக்கு வந்தப்ப என்கிட்டயும் சொன்னா. நல்ல மனுசன்னு சொல்றாளாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள்.

பாதை சரியானதும் மகள் வந்தாள். தனியாக வர விடவில்லை. மாப்பிள்ளையே காரில் கூட்டி வந்தார். மழைக்குப் பிறகு மலை பார்க்க ஆசையாம். கார் நின்றதும் என் காலில் விழுந்து கும்பிட்டார். மகள் பையை அவர்தான் தூக்கி வந்து உள்ளே வைத்தார். இரண்டாவது கருவி அந்தப் பைக்குள், மாதவிலக்குப் பஞ்சுப் பாக்கெட்டுக்குள் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் அவர் பிரித்துப் பார்ப்பதில்லை என்று பின்னால் மகள் சொன்னாள்.

மறுநாள் காலை இட்லி வைத்துக்கொண்டே மனைவி பேச்சைத் தொடங்கினாள். "மாப்ள, அருவியில தண்ணி அப்படிக் கொட்டுதுங்களாம். இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காமப் போனா எங்களுக்குத்தாங்க கொறச்சல்."

"படி ரொம்ப இருக்குமே அத்தை?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மச்சினன், "எறங்கறது சுலுவுங்க மாப்ள. ஏறும்போதுதான் மாமியாரக் கும்புடுவீங்க" என்றான். அவனுக்கு விவரம் தெரியாது. மாப்பிள்ளையை மத்தியானம்வரை கூட வைத்துக்கொள் என்று அக்கா சொல்லியிருந்தாள், அவ்வளவுதான்.

"அப்ப நீயும் வாயேன்" என்று மாப்பிள்ளை மகளைப் பார்த்தார்.

"அவளுக்கு வவுத்து வலிங்க மாப்ள" என்றாள் மனைவி. மகள் வாயே திறக்கவில்லை.

கார் சத்தம் வளைவு தாண்டிப் போனதும் மகள் மேற்கு ஜன்னலடியில் உட்கார்ந்தாள். நான் தடவித் தடவிச் செய்ததை அவள் கை மளமளவென்று செய்தது. புதுக் கருவியில் சொற்கள் வந்தபோது, "அந்தப் பக்கம் திரும்பிக்குங்ப்பா" என்றாள். திரும்பிக்கொண்டேன். பேனா அட்டையில் உரசுகிற சத்தம் கேட்டது. அவளே பின் நம்பர் வைத்தாள். புது முகவரி வந்தது. பிறகு என் பழைய கருவியை மாட்டி, "இப்ப உங்க பின்னுங்ப்பா" என்று என் கையில் கொடுத்தாள்.

குளித்துச் சொல்லி, நடந்து சொல்லித் தேய்த்த நம்பர். போட்டேன். தப்பு என்றது.

"பயப்படாதீங்க. இன்னும் ரெண்டு தடவ போடலாம். மெதுவா."

மனைவி என் முதுகில் கை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி போட்டேன். திறந்தது. பணம் முழுவதையும் புது முகவரிக்கு அனுப்பச் சொல்லி மகள் லேப்டாப்பில் கொடுத்தாள். கருவியின் திரையில் அந்த முகவரி துண்டு துண்டாக ஓடியது. அவள் ஒவ்வொரு துண்டாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"தண்ணி ரொம்ப வருதுன்னு அருவிக் கேட்டச் சாத்திட்டாங்கக்கா" என்று மச்சினன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அவனுக்கு முன்னால் மாப்பிள்ளை உள்ளே வந்துவிட்டார்.

சிரித்த முகமாகத்தான் வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார். வயரில் தொங்கிய கருவியைப் பார்த்தார். ஸ்டூல் மேல் கிடந்த இன்னொன்றைப் பார்த்தார். கம்ப்யூட்டர்காரர், அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"பிட்காயின் வாலட்டா? யாரோடது?"

"அது வந்துங்க மாப்ள, ஸ்கூல்ல ஒரு..." என்று தொடங்கினேன்.

"என்னோடதுங்க" என்றாள் மகள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். கடைசித் துண்டு முகவரி திரையில் நின்றது.

"எவ்வளவு?"

அவள் அந்தத் துண்டையும் லேப்டாப்போடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவுன்னு கேட்டேன்" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

அவள் இரண்டு கட்டை விரலாலும் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தினாள். லேப்டாப்பில் அனுப்பியாயிற்று என்று வந்தது.

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "மாமா, நீங்க படிச்சவங்க. நாலு புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றவங்க. புருசனுக்குத் தெரியாம இப்படி வெக்கறது சரிங்களா? நான் என்னைக்காச்சும் இல்லைன்னு சொல்லியிருக்கேனா? அந்தப் பின் நம்பரச் சொல்லச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத வீடு இது. "எனக்குத் தெரியாதுங்க மாப்ள" என்றேன். அன்று அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. அவள் அதை வைத்தபோது திரும்பித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பக் கேளுங்க. மகதானே."

"கேக்க மாட்டனுங்க."

மச்சினன் வாசலிலேயே நின்று செருப்பில் ஒட்டிய சேற்றை வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தான். மனைவி காபி கொண்டு வந்து வைத்தாள். "குடிங்க மாப்ள. நனஞ்சு வந்திருக்கீங்க."

அவர் குடித்தார். டம்ளரைக் கவிழ்க்காமல், ஓசையில்லாமல் வைத்தார். "சரி, கெளம்பு" என்றார் மகளிடம்.

"நான் வரலீங்க."

"எப்ப வருவே?"

"தெரியலீங்க."

அவர் சிரித்தார். மறுபடி என் காலில் விழுந்து கும்பிட்டார். வேண்டாங்க என்று பின்வாங்கினேன், அதற்குள் தொட்டுவிட்டார். தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கார் வளைவில் இறங்குகிறதா, திரும்பி ஏறுகிறதா என்று நான் கேட்டுக்கொண்டே நின்றேன். மகள் லேப்டாப்பைவிட்டு எழுந்திருக்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்தது உறுதியாக வேண்டும் என்று காத்திருந்தாள். உறுதியானதும், புது அட்டையை மடித்து எழுந்து போனாள். எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

இப்போது அவள் இங்கேதான் இருக்கிறாள். வக்கீலுக்கு முன்பணம் அந்தப் பணத்திலிருந்துதான் போனது. யாரையும் கேட்காமல் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அவள் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டாள் என்று அவள் அம்மா சொன்னாள்.

மாப்பிள்ளை என்னை அடிக்கடி கூப்பிடுகிறார். மரியாதையாகத்தான். சாப்பிட்டீங்களா மாமா, மழை எப்படி, மிளகு இந்த வருசம் பரவாயில்லைங்களா என்று கேட்பார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. போனை எடுக்காமலிருக்க என்னால் முடியவில்லை. எடுக்காவிட்டால் நேரில் வந்துவிடுவாரோ என்று பயம்.

இன்று காலையும் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, "ரோடு இப்ப நல்லா இருக்குதுங்களா மாமா?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அப்போதிலிருந்து வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி வளைவில் ஏதாவது வண்டி கியர் மாற்றினால் எழுந்து நிற்கிறேன். லோடு வண்டிதான், பள்ளி வேன்தான் என்று தெரிந்ததும் உட்கார்கிறேன். உள்ளே மகள் யாரிடமோ போனில் வேலை விஷயம் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் குரல் கேட்கிறது.